டிராக் ரேஸ் அருங்காட்சியகத்தில் முதலில் இருக்கையைப் பாருங்கள்

தமிழில் எழுதும்போது ஒரு சின்னச் சிக்கல். பந்தயக் கார்கள் சுற்றிச் சுற்றி வரும் தளத்தையும் 'டிராக்' (track) என்றுதான் எழுதுகிறோம். நேர்கோட்டில் இரண்டு வண்டிகள் போட்டி போடும் பந்தயத்தையும் 'டிராக்' (drag) ரேஸ் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. காதில் கேட்டால் வேறுபாடு புரியும், எழுத்தில் புரியாது. ஆகவே இப்போதே ஓர் ஒப்பந்தம்: இந்தக் கட்டுரையில் டிராக் என்று வந்தால் இரண்டாவதுதான். வண்டி ஓடும் இடத்தை ஓடுதளம் என்றே வைத்துக்கொள்வோம்.

டிராக் ரேஸ் என்பது உலகத்திலேயே எளிமையான கார் பந்தயம். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் கிளம்பும். கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் தள்ளியிருக்கும் கோட்டை யார் முதலில் தொடுகிறாரோ அவர் வென்றார். வளைவு கிடையாது, சுற்றுக் கணக்கு கிடையாது, நடுவில் நிறுத்தி டயர் மாற்றுவதும் கிடையாது. தோற்றவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வென்றவர் அடுத்த ஆட்டத்துக்கு. நான்கு நொடியில் முடிந்துவிடும் இந்தச் சமாசாரத்துக்கு ஓர் அருங்காட்சியகம் வைக்கிற அளவுக்கு வரலாறு இருக்கிறதா என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. ஒன்றல்ல, அமெரிக்காவில் பல அருங்காட்சியகங்கள் இருக்கின்றன.

அவற்றில் முக்கியமானது கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே போமோனா என்ற ஊரில் இருக்கிறது. 1998-இல் திறந்தார்கள். 'வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. மோட்டார்ஸ்போர்ட்ஸ் மியூசியம்' என்பது முழுப் பெயர். என்.எச்.ஆர்.ஏ. என்பது நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன், அமெரிக்க டிராக் பந்தயங்களை நடத்தும் அமைப்பு. வாலி பார்க்ஸ் அதைத் தொடங்கியவர். அருங்காட்சியகம் இருப்பது லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டப் பொருட்காட்சி நடக்கும் மைதானத்துக்குள். புகழ்பெற்ற போமோனா டிராக் ஓடுதளமும் அதே வளாகத்தில்தான். பந்தய நாளில் போனால் உள்ளே இருக்கும் பழைய கார்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே புதிய கார்கள் காதைப் பிளப்பது கேட்கும்.

ஒன்றும் தெரியாமல் உள்ளே போனால் என்ன ஆகும்? மட்கார்டு இல்லாத பழைய ஃபோர்டு கார், வெள்ளரிக்காய் மாதிரி ஒரு வண்டி, ஏணியைப் படுக்கப்போட்டு சக்கரம் மாட்டியது போல ஒன்று, அப்புறம் ஊசி மாதிரி நீண்ட இன்னொன்று. எல்லாம் பளபளவென்று இருக்கும். அரை மணி நேரத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அப்படி ஆகாமலிருக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் நின்று ஒரே கேள்வி கேளுங்கள்: ஓட்டுநர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? அந்த இருக்கை முன்னும் பின்னும் நகர்ந்த கதைதான் இந்த விளையாட்டின் கதை. எப்படி என்று பார்ப்போம்.

வற்றிய ஏரியில் தொடங்கியது

முதலில் ஹாட் ராட் என்றால் என்ன? பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதை விட்டுவிடலாம். பொருள் இதுதான்: கம்பெனியிலிருந்து வந்த சாதாரணக் காரை, வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பிரித்து, வேகத்துக்காகத் திருத்திக் கட்டிய வண்டி. பணக்காரர் வாங்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஹாட் ராட் ஆகாது. இருபது வயதுப் பையன் பழைய இரும்புக் கடையில் பொறுக்கி எடுத்துக் கட்டியது ஹாட் ராட்.

1930-களில் தெற்குக் கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டு மாடல்-டி, மாடல்-ஏ கார்கள் மலிவாகக் கிடைத்தன. 1932-இல் ஃபோர்டு கம்பெனி ஒரு காரியம் செய்தது. அதுவரை விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த வி-8 இன்ஜினைச் சாதாரண மக்கள் வாங்கும் காரில் போட்டது. 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். இன்றைக்கு நம் தெருவில் ஓடும் சின்னக் காரே இதைவிட அதிகம் தரும். ஆனால் எட்டு சிலிண்டர் இன்ஜின், எளிய அமைப்பு, குறைந்த விலை என்று மூன்றும் சேர்ந்து வந்ததுதான் விஷயம். 1932 ஃபோர்டுக்கு 'டியூஸ்' என்று செல்லப்பெயரே உண்டு. ஹாட் ராட் என்றதும் கண்ணுக்கு முன் வருவது இன்றுவரை அந்த உருவம்தான்.

பையன்கள் என்ன செய்தார்கள்? முதலில் தேவையில்லாததைக் கழற்றினார்கள்: மட்கார்டு, பம்பர், கண்ணாடி, கூரை. எடை குறைந்தால் அதே இன்ஜின் வேகமாக இழுக்கும். அடுத்து இன்ஜினுக்குள் கை வைத்தார்கள். இங்கே விறகு அடுப்பை நினைத்துக்கொண்டால் போதும். தீ நன்றாக எரிய வேண்டுமானால் காற்று தாராளமாகப் போக வேண்டும், விறகு போதுமான அளவு இருக்க வேண்டும், புகை அடைத்துக்கொள்ளாமல் வெளியேற வேண்டும். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு, மூன்று மாட்டியது காற்றும் எரிபொருளும் கூடுதலாக உள்ளே போக. கேம்ஷாஃப்டின் மேடுகளை வேறு வடிவத்தில் தேய்த்தது வால்வு அதிக நேரம் திறந்திருக்க. சிலிண்டர் ஹெட்டை மெல்லிதாகச் சீவியது எரியும் கலவையை இன்னும் இறுக்க. சைலன்சரைக் கழற்றியது புகை தடையில்லாமல் போக. (சத்தத்துக்காகவும்தான், அதை மறைக்க வேண்டாம்.) எண்பது ஆண்டுகளில் இன்ஜின் எவ்வளவோ மாறிவிட்டது, இந்த அடுப்புக் கணக்கு மட்டும் மாறவில்லை.

இப்படிக் கட்டிய வண்டியை எங்கே ஓட்டிப் பார்ப்பது? மோஹாவி பாலைவனத்தில் ம்யூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள் இருந்தன. கோடையில் வற்றிய கண்மாயில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. அதையே பல மைல் நீளத்துக்கு, மேசை போலச் சமமாக, கல்லும் முள்ளும் இல்லாமல் நினைத்துப் பாருங்கள். பிரச்சினை ஒன்றே ஒன்று, புழுதி. பல வண்டிகள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் கிளம்பினால் முன்னால் போகிறவருக்கு மட்டும்தான் பாதை தெரியும். பின்னால் வருகிறவர்கள் மேகத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது போலத்தான். விபத்துகள் நடந்தன. 1937-இல் உள்ளூர் கிளப்புகள் ஒன்றுசேர்ந்து சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற அமைப்பைத் தொடங்கின. ஒரு வண்டியாக ஓடவிட்டு, கடிகாரத்தால் வேகத்தை அளந்து, ஒழுங்காகப் பதிவு செய்வது அதன் வேலை. பெயரிலேயே 'டைமிங்' இருப்பதைக் கவனியுங்கள்.

பிறகு போர் வந்தது. ம்யூராக் ராணுவத்தின் கைக்கு முழுமையாகப் போனது. இன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் இருப்பது அங்கேதான். போர் முடிந்து திரும்பி வந்த இளைஞர்களிடம் மூன்று விஷயங்கள் இருந்தன: கையில் கொஞ்சம் காசு, ராணுவத்தில் கற்ற இயந்திர வேலை, சாதாரண வாழ்க்கை மந்தமாகத் தெரியும் மனசு. கூடவே ராணுவக் கழிவுச் சாமான்களும் மலிவாகக் கிடைத்தன. நான் மேலே சொன்ன வெள்ளரிக்காய் வண்டி அங்கிருந்து வந்ததுதான். போர் விமானங்களின் வயிற்றுக்குக் கீழே தொங்கும் கூடுதல் எரிபொருள் தொட்டியை வாங்கி, அதற்குள் இன்ஜினையும் மனிதனையும் திணித்து, நான்கு சக்கரம் மாட்டினார்கள். 1946-இல் பில் பர்க் என்பவர் முதன்முதலில் செய்தது. காற்றைக் கிழிக்க விமானப் பொறியாளர்கள் கணக்குப் போட்டு வடித்த உருவம் சில டாலருக்குக் கிடைக்கிறது என்றால் விடுவார்களா? அலெக்ஸ் ஸைடியாஸ் என்பவரின் தொட்டி வண்டி 1952-இல் பான்வில் உப்புப் படுகையில் மணிக்கு 198 மைல், அதாவது ஏறத்தாழ 319 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. இருக்கையைப் பாருங்கள்: முன்புறம் ஓட்டுநர், முதுகுக்குப் பின்னால் இன்ஜின். இதை நினைவில் வையுங்கள், பிறகு வருவோம்.

தெருவிலிருந்து ஓடுதளத்துக்கு

வறண்ட ஏரி ஊரிலிருந்து தூரம். வருஷத்தில் சில நாள்தான் ஓட்ட முடியும். மிச்ச நாளெல்லாம் என்ன செய்வது? தெருவில் ஓட்டினார்கள். சிக்னலில் பக்கத்தில் ஒரு வண்டி வந்து நிற்கும், இருவரும் ஒரு முறை பார்த்துக்கொள்வார்கள், பச்சை விழுந்ததும் பாய்ச்சல். இதில் அப்பாவிகளும் சிக்கினார்கள். பத்திரிகைகள் ஹாட் ராட் பையன்களைப் பொறுக்கிகளாக எழுதின. அதில் முழுக்கப் பொய்யும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய பந்தயக்காரர்களைப் பற்றிய கட்டுரைகள் பலவும் இந்த இடத்தில் கொஞ்சம் இனிப்புத் தடவிவிடும்.

வாலி பார்க்ஸ் இங்கேதான் வருகிறார். 1913-இல் ஓக்லஹோமாவில் பிறந்து, சிறு வயதிலேயே கலிஃபோர்னியா வந்து, வறண்ட ஏரிகளில் வண்டி ஓட்டியவர். ராபர்ட் பீட்டர்சன் 1948-இல் தொடங்கிய 'ஹாட் ராட்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். தடை போட்டு இதை நிறுத்த முடியாது, இடமும் விதியும் கொடுத்தால் தெருவை விட்டு வருவார்கள் என்பது அவர் வாதம். 1951-இல் என்.எச்.ஆர்.ஏ. பிறந்தது.

இடம் எங்கிருந்து வந்தது? போர்க்காலத்தில் கட்டி, பிறகு சும்மா கிடந்த விமான ஓடுபாதைகளிலிருந்து. 1950-இல் சாண்டா ஆனா என்ற ஊரின் விமான நிலையத்தில், பயன்படாத ஓடுபாதை ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைதோறும் சி.ஜே. ஹார்ட் என்பவர் கட்டணம் வாங்கிக்கொண்டு பந்தயம் நடத்த ஆரம்பித்தார். முறையான வணிக டிராக் ஓடுதளம் என்று முதலில் சொல்லப்படுவது அதுதான். இன்று அங்கே ஜான் வேய்ன் விமான நிலையம் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமானத் தளத்தில் பல்லாண்டு காலம் கார் பந்தயம் நடந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது அவ்வளவு புதிதாக இருக்காது.

ஏரியிலிருந்து ஓடுபாதைக்கு வந்ததும் கேள்வியே மாறிவிட்டது. ஏரியில் இடம் தாராளம், வேண்டிய தூரம் ஓடி வேகமெடுக்கலாம். எனவே அங்கே கேட்டது, 'அதிகபட்சம் எவ்வளவு வேகம்?' ஓடுபாதையோ குட்டை, அதற்குள்ளேயே கிளம்பவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். எனவே இங்கே கேட்டது, 'நின்ற இடத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம்?' முன்னது உச்ச வேகம், பின்னது முடுக்கம். ஹாட் ராடும் டிராக் காரும் பிரிந்து வெவ்வேறு விலங்குகளாக வளரத் தொடங்கியது இந்தக் கேள்வி மாறியபோதுதான்.

என்.எச்.ஆர்.ஏ. தன் முதல் அதிகாரபூர்வப் பந்தயத்தை 1953 ஏப்ரலில் போமோனா பொருட்காட்சி மைதானத்தின் வாகன நிறுத்துமிடத்தில் நடத்தியது. உள்ளூர் போலீஸ் ஆதரவோடு. துரத்திக்கொண்டிருந்தவர்களே துணைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு நான்கு பேர் ஒரு ஸ்டேஷன் வேகனில் சிறிய டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். டிரெய்லருக்குள் கடிகாரக் கருவிகள், ஒலிபெருக்கி, விதிப் புத்தகம். ஒரு பந்தயத்தைப் பாதுகாப்பாக நடத்துவது எப்படி என்று ஒவ்வோர் ஊர்க் கிளப்புக்கும் செய்து காட்டினார்கள். அந்தக் குழுவின் தலைவர் பட் கூன்ஸ், போமோனா காவல்துறையில் சார்ஜென்டாக இருந்தவர்! அருங்காட்சியகம் போமோனாவில் இருப்பது தற்செயல் அல்ல என்று இப்போது புரியும்.

அதே மைதானத்துக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1942-இல் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை வீடுகளிலிருந்து அப்புறப்படுத்தியபோது, 5,000-க்கும் மேற்பட்டோரைச் சில மாதங்கள் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். கார்களைப் பார்க்கப் போகிற இடத்தில் அதுவும் ஒரு மூலையில் மனதில் இருக்கட்டும்.

விளக்கு மரமும் ஒரு நொடியின் பின்னங்களும்

பந்தயத்தின் விதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

ஆரம்ப காலத்தில் இரு வண்டிகளுக்கும் முன்னால் ஒருவர் கொடியோடு நின்றார். கொடி அசைந்ததும் கிளம்ப வேண்டும். அவர் தோள் அசைவைப் பார்த்தே முந்திக்கொள்ளும் கில்லாடிகள் இருந்தார்கள். சண்டை வராமல் இருக்குமா? 1963-இல் மின்விளக்குக் கம்பம் வந்தது. மேலிருந்து கீழாகப் பல வண்ண விளக்குகள் இருப்பதால் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று பெயர். முன் சக்கரம் கோட்டில் சரியாக நிற்கிறதா என்பதை ஒளிக்கற்றை பார்த்துக்கொள்ளும். பெரிய வகுப்புகளில், அதாவது அதிவேக வண்டிப் பிரிவுகளில், மூன்று மஞ்சள் விளக்குகள் சேர்ந்து எரிந்து, 0.4 நொடியில் பச்சை. பச்சைக்கு முன் நகர்ந்தால் சிவப்பு விளக்கு, ஆட்டம் அவ்வளவுதான். பச்சையைப் பார்த்த பிறகு மிதிப்பவர் தோற்றார். மஞ்சளைப் பார்த்தே மிதிக்கிறார்கள்.

இப்போது முக்கியமான நுணுக்கம். வண்டி நகர்ந்த கணத்திலிருந்துதான் அதன் ஓட்ட நேரத்தைக் கடிகாரம் கணக்கிடும். ஆனால் வெற்றி, கோட்டை முதலில் தொட்டவருக்கு. இரண்டும் ஒன்றல்ல. ஒரு கற்பனைக் கணக்கு: முதலாமவர் பச்சைக்குப் பின் 0.040 நொடியில் கிளம்பி 3.750 நொடியில் ஓடுகிறார். மொத்தம் 3.790. இரண்டாமவர் வண்டி இன்னும் வேகம், 3.720 நொடி. ஆனால் கிளம்ப 0.090 நொடி எடுத்துக்கொண்டார். மொத்தம் 3.810. வேகமான வண்டி தோற்றுவிட்டது! இப்படி ஜெயிப்பதற்கு 'ஹோல்ஷாட்' என்று பெயர். இயந்திரத்தின் விளையாட்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, கால் பெருவிரல் வந்து முடிவு சொல்லிவிடுகிறது.

சாதாரண ஆட்களுக்கென்றே 'பிராக்கெட்' என்றொரு முறையும் உண்டு. உங்கள் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று முன்கூட்டியே கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். நீங்கள் 12 நொடி, எதிராளி 9.5 நொடி என்றால் உங்களுக்கு 2.5 நொடி முன்னதாகப் பச்சை விழும். சரி, பொய்யாக 14 என்று எழுதி ஏமாற்றலாமே? முடியாது. எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. எனவே காய்கறி வாங்கப் போகிற குடும்பக் காரை வைத்துக்கொண்டு ஓர் அசல் பந்தயக் காரைத் தோற்கடிக்க முடியும். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விதி இதுதான்.

இருக்கை பின்னால் போனது, முன்னால் வந்தது

இனி இருக்கைக்கு வருவோம். பேருந்து சட்டென்று கிளம்பும்போது நிற்பவர்கள் பின்னால் சாய்கிறோம் அல்லவா? காரும் அப்படித்தான், எடை பின் சக்கரங்களுக்கு மாறுகிறது. பின் சக்கரத்தின் மேல் எடை ஏற ஏற டயர் தரையை இறுகப் பிடிக்கும், வழுக்காது. எனவே 1950-களில் டிராக் கார் கட்டியவர்கள் கனமானதையெல்லாம் பின்னுக்குத் தள்ளினார்கள். இன்ஜினைத் தள்ளினார்கள். பிறகு ஓட்டுநரையும் தள்ளினார்கள். எவ்வளவு தூரம்? பின் அச்சுக்கும் பின்னால். வண்டியின் கடைசிக் கோடியில், இரண்டு ராட்சத டயர்களுக்கு நடுவே, கால்களை அச்சின் இரு பக்கமும் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்தார். உண்டிவில்லில் கல் இருக்கும் இடத்தில் மனிதன். அதனால்தான் அந்த வண்டிக்கு 'ஸ்லிங்ஷாட்' என்று பெயர். ஏணிக்குச் சக்கரம் மாட்டியது போல என்றேனே, அது இதுதான்.

பார்க்க அழகான வண்டி. ஆனால் யோசித்துப் பாருங்கள்: முகத்துக்கு நேரே இன்ஜின், தொடைகளுக்கு நடுவே கிளட்சும் கியர்பெட்டியும். எது வெடித்தாலும் எண்ணெயும் தீயும் இரும்புத் துண்டுகளும் வந்து சேரும் இடம் ஓட்டுநர்.

டான் கார்லிட்ஸ் என்பவர் ஃபுளோரிடாக்காரர். தன் வண்டிகளுக்கெல்லாம் 'ஸ்வாம்ப் ரேட்', சதுப்பு நில எலி, என்று பெயர் வைத்து எண் போட்டுக்கொண்டே போனார். 1964-இல் மணிக்கு 201 மைல் வேகத்தைத் தொட்டவர். 1970 மார்ச் 8 அன்று லாங் பீச் அருகே லயன்ஸ் ஓடுதளத்தில் விளக்கு மாறிய கணத்தில் அவருடைய கியர்பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்தது. வலது பாதத்தின் முன்பகுதி போய்விட்டது.

மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டே அடுத்த வண்டியை வரைய ஆரம்பித்தார். இன்ஜின் பின்னால், ஓட்டுநர் முன்னால். யோசனை புதிதல்ல. தொட்டி வண்டியிலேயே பார்த்தோம். டிராக் பந்தயத்திலும் சிலர் முயன்றிருந்தார்கள், ஆனால் அந்த வண்டிகள் நேராகப் போக மறுத்தன. கார்லிட்ஸின் குழுவுக்கும் அதே தொல்லைதான். தீர்வு ஸ்டியரிங்கில் இருந்தது. அதை மந்தமாக்கினார்கள். கை கொஞ்சம் அசைந்தால் சக்கரம் மிகக் கொஞ்சமே திரும்பும்படி மாற்றியதும் வண்டி அடங்கியது. 1971 தொடக்கத்தில் போமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் அந்த 14-ஆம் எலி ஜெயித்தது. சில ஆண்டுகளில் முன்-இன்ஜின் வண்டி உயர்வகுப்பிலிருந்தே மறைந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் இரண்டும் இருக்கும்: இருக்கை கடைசியில் இருந்தால் 1971-க்கு முன், இருக்கை மூக்குப் பக்கம் இருந்தால் அதற்குப் பின். பெயர்ப்பலகையைப் படிக்காமலே ஏறக்குறைய ஆண்டு சொல்லிவிடலாம்.

ஒரே விதிவிலக்கு 'ஃபன்னி கார்'. 1960-களின் நடுவில் சில கம்பெனிக் கார்களின் சக்கரங்களைப் பிடிப்புக்காக முன்னால் நகர்த்தினார்கள். பார்க்கக் கோணலாக, சிரிப்பாக இருந்ததால் அந்தப் பெயர். பிறகு கார் போன்ற இலேசான ஃபைபர்கிளாஸ் மூடியை மட்டும் மேலே கவிழ்த்து, பெட்டி மூடி மாதிரி தூக்கி இறக்கும்படி செய்தார்கள். அதில் இன்றைக்கும் ஓட்டுநர் இன்ஜினுக்குப் பின்னால்தான். கூரையில் தப்பிக்க ஒரு கதவு வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

ஃபன்னி கார் காலத்தின் பெரிய போட்டி டான் ப்ருடோமுக்கும் டாம் மெக்ஈவனுக்கும். முதலாமவர் பட்டப்பெயர் 'பாம்பு'. அதைக் கேட்டு இரண்டாமவர் வைத்துக்கொண்டது 'கீரி'. 1970-இல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் செய்யும் மேட்டெல் நிறுவனம் இருவருக்கும் பணம் கொடுத்து, அவர்கள் கார்களைப் பொம்மையாகவும் விற்றது. நம் ஊர் வித்தைக்காரர்கள் கூட்டம் சேர்த்துவிட்டுக் கடைசிவரை காட்டாத பாம்பு–கீரிச் சண்டையை, ஊர் ஊராகப் போய் உண்மையிலேயே காட்டினார்கள். எண்ணெய், டயர் கம்பெனிகளைத் தாண்டி வெளிப் பணம் இந்த விளையாட்டுக்குள் வந்த முக்கியமான தருணம் அது.

ஷெர்லி மல்டௌனியையும் சொல்லியாக வேண்டும். 1973-இல் 'டாப் ஃப்யூயல்' என்ற உச்ச வகுப்பில் ஓட்ட உரிமம் பெற்றார். அந்த வகுப்பில் உரிமம் பெற்ற முதல் பெண். 1977, 1980, 1982 என மூன்று முறை சாம்பியன். 1984 விபத்தில் கால்கள் நொறுங்கின. 1986-இல் மறுபடி வந்து உட்கார்ந்தார்.

எரிபொருளா, வெடிமருந்தா?

டாப் ஃப்யூயல் வண்டி ஓடுவது பெட்ரோலில் அல்ல. சுமார் 90 விழுக்காடு நைட்ரோமீத்தேன், மிச்சம் மெத்தனால். ஒரு கிலோ நைட்ரோமீத்தேனில் இருக்கும் ஆற்றல், ஒரு கிலோ பெட்ரோலில் இருப்பதில் கால் பங்குதான். பிறகு ஏன்? அடுப்புக் கணக்குக்குத் திரும்புங்கள். இன்ஜினில் பற்றாக்குறை எரிபொருளுக்கு அல்ல, காற்றுக்குத்தான். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு வருவதால் 1.7 கிலோ போதும். அதே காற்றுக்கு எட்டு மடங்குக்கு மேல் எரிபொருளைத் திணிக்கலாம். கால் பங்கு ஆற்றல், எட்டரை மடங்கு அளவு: பெருக்கிப் பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல். அதோடு 'புளோயர்' என்ற சூப்பர்சார்ஜர் ஊதாங்குழல் மாதிரி காற்றை அழுத்தித் தள்ளுகிறது. முதலில் இதற்குப் பயன்பட்டவை ஜி.எம்.சி. டீசல் இன்ஜின்களிலிருந்து கழற்றிய ஊதிகள், மறுபடியும் பழைய இரும்புக் கடைதான்.

விளைவு, சுமார் 8.2 லிட்டர் இன்ஜினிலிருந்து 11,000 குதிரைத்திறன் அளவுக்கு வருகிறது. மணிக்கு 330 மைலுக்கு மேல், அதாவது 530 கிலோமீட்டர். கியர்பெட்டியே கிடையாது. ஓட்டம் பாதி முடிவதற்குள் ஸ்பார்க் பிளக்குகளின் முனை கரைந்துவிடும். அதன்பின் சூட்டிலேயே தானாக எரிகிறது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இன்ஜினை முழுக்கப் பிரித்து மறுபடி கோக்கிறார்கள். நிறுத்தப் பாராசூட். இந்த வேகத்துக்குக் கால் மைல் ஆபத்தாகிவிட்டது. 2008-இல் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் இறந்தபின், டாப் ஃப்யூயலுக்கும் ஃபன்னி காருக்கும் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்தார்கள். உச்ச வேக வண்டிகள் கால் மைல் ஓடுவதில்லை என்பது பலரும் அறியாத செய்தி.

எது அசல்?

கார்லிட்ஸ் தானே ஓர் அருங்காட்சியகம் வைத்தார், ஃபுளோரிடாவின் ஒக்காலாவில், 1984-இல். முதல் எலியிலிருந்து வரிசையாகப் பார்க்கலாம். நெப்ராஸ்காவின் லிங்கனில் இருக்கும் 'மியூசியம் ஆஃப் அமெரிக்கன் ஸ்பீட்' இன்ஜின் பைத்தியங்களுக்கு. மூன்றிலும் ஒரே தலைவலி உண்டு. பந்தய வண்டி என்பது முடிக்கப்பட்ட பொருளே அல்ல. போன வாரம் இன்ஜின் மாறியது, இந்த வாரம் சட்டத்தை அறுத்து நீட்டினார்கள், அடுத்த வருஷம் வேறொருவருக்கு விற்று வேறு பெயின்ட். பிடி இரண்டு முறையும் அலகு ஒரு முறையும் மாறிய அரிவாளை 'தாத்தாவின் அரிவாள்' என்று வைத்திருப்பது போலத்தான். எந்த ஆண்டின் வடிவத்துக்குத் திருப்புவது? தேய்ந்த பெயின்டை அப்படியே விடுவதா, புதிதாக அடிப்பதா? என் கட்சி, தேய்ந்ததை விட்டுவிடும் கட்சி. பல அருங்காட்சியகங்கள் பளபளப்பின் பக்கம்.

இன்னொரு குறையும் உண்டு. சத்தம் இல்லை. நைட்ரோ இன்ஜினின் அதிர்வு காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வரும், அதன் புகை கண்ணைக் கரிக்கும். கண்ணாடித் தரையில் நிற்கும் வண்டி இதில் எதையும் சொல்லாது. இதற்குப் போமோனாக்காரர்கள் கண்டுபிடித்த வழி, வண்டிகளை வெளியே கொண்டுபோவது. பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் ஃபமோசோ என்ற பழைய ஓடுதளத்தில் 1992-இல் ஹாட் ராட் மறுகூடல் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'கேக்கிள்ஃபெஸ்ட்'. பந்தயம் இல்லை. இருட்டும் நேரத்தில் பழைய ஸ்லிங்ஷாட் வண்டிகளைப் பின்னாலிருந்து இன்னொரு வண்டி தள்ளிக்கொண்டு வரும், அந்தக் காலத்தில் கிளப்பியது போலவே. நரைத்த தலையோடு பழைய ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருப்பார், இரண்டு டயர்களுக்கு நடுவே, கடைசிக் கோடியில். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் வண்டிகள் வரிசையாக நின்று உறுமும். ஒவ்வொரு குழாயிலிருந்தும் வெளுத்த தீ நாக்கு மேலே எழும்.